குளத்து மீன் யாருடையது?

ஒருவனுக்கு மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடு என்று எல்லா மேடைகளிலும் சொல்வார்கள். பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் இதைச் சொல்லாமல் இறங்கினால்தான் ஆச்சரியம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கேள்விகளை யாரும் கேட்பதில்லை. அந்த மீன் இருக்கும் தண்ணீர் யாருடையது? அதில் மீனை யார் விட்டது?

கடலில் இந்தக் கேள்வி பெரிதாக எழாது. குளத்தில் எழும். அதிலும் வருடத்துக்கு ஒருமுறை வற்றிப்போகும் குளத்தில் கட்டாயம் எழும். ஏனென்றால் அங்கே யாராவது கொண்டுவந்து விட்டால்தான் மீன். இல்லாவிட்டால் வெறும் தண்ணீர்.

கிராமத்து மக்கள் கூட்டாகச் சேர்ந்து மீன் வளர்த்தால் வறுமை குறையும் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க வெகுதூரம் போகத் தேவையில்லை. இலங்கையின் உலர் வலயக் குளங்களில் இந்த முயற்சி நடந்திருக்கிறது, ஒருமுறை அடியோடு நிறுத்தப்பட்டிருக்கிறது, திரும்பவும் தொடங்கப்பட்டிருக்கிறது. நிறுத்தியபோது என்ன நடந்தது என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

ஏரி இல்லாத தீவு

இலங்கையில் பெரிய இயற்கை ஏரி ஒன்றுகூடக் கிடையாது. நாம் பார்க்கும் பரந்த நீர்ப்பரப்புகள் எல்லாம் மனிதர் கட்டியவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மன்னர்களும் ஊர் மக்களும் மண் அணை போட்டு மழைநீரைத் தேக்கினார்கள். பராக்கிரம சமுத்திரம் போன்ற பெரும் குளங்கள் ஒருபுறம், ஊருக்கு ஒன்று என்று இருக்கும் சின்னக் குளங்கள் மறுபுறம். பாவனையில் உள்ள சின்னக் குளங்கள் மட்டும் இன்றைக்கும் 12,000க்கு மேல் இருக்கின்றன.

குளம் என்றால் நெல்லுக்குத் தண்ணீர் என்றுதான் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். உண்மையில் ஊர் முழுவதும் அதைச் சுற்றித்தான் இயங்கியது. குளிப்பது, துவைப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, தாமரைக் கிழங்கு எடுப்பது, எல்லாம் அங்கேதான். தண்ணீர் வற்றும் காலத்தில் ஊரே இறங்கி விரால், கெளுத்தி, கெண்டை என்று பிடிக்கும். பண்டைய கல்வெட்டுகள் சிலவற்றில் குளத்து மீனில் இருந்து வந்த வருவாயைப் பற்றிய பேச்சு வருகிறது. அதாவது குளத்து மீன் யாருக்கு என்ற கேள்வி அன்றைக்கே இருந்திருக்கிறது!

ஆனால் ஒரு சிக்கல். ஏரி இல்லாத தீவு என்பதால் இங்குள்ள நன்னீர் மீன்கள் ஆற்றுக்கும் ஓடைக்கும் பழகியவை. பரந்து நிற்கும் தண்ணீரில் பெருகி, வலை நிறைய விழக்கூடிய உள்ளூர் மீன் இனம் இல்லை. எனவே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் பெரிய குளங்களில் தொழிலாக மீன்பிடிப்பவர்கள் அநேகமாக இல்லை. பிடித்தது வீட்டுக் கறிக்குத்தான்.

ஆங்கிலேயர் வெளிநாட்டு மீன் கொண்டுவராமல் இல்லை. 1880களில் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீனை விட்டார்கள். எதற்கு? தோட்டத் துரைமார் ஓய்வு நேரத்தில் தூண்டில் போட்டு விளையாட! மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து பறித்த ஒரு குடும்பத்துக்கும் அந்த மீன் வறுமையைப் போக்கவில்லை. மீனை விடுவது மட்டும் போதாது, யாருக்காக விடுகிறோம் என்பது முக்கியம் என்பதற்கு இது முதல் உதாரணம்.

ஆபிரிக்காவில் இருந்து வந்த மீன்

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1952இல் மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை என்று சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். உலர் வலயத்துப் பெரிய குளங்களில் அதை விட்டார்கள். அது நிற்கும் தண்ணீரில் தானாகவே கூடு கட்டும், முட்டையையும் குஞ்சையும் தாய்மீன் வாயில் வைத்துக் காக்கும், கிடைத்ததைத் தின்னும். சில ஆண்டுகளிலேயே குளங்களை நிரப்பிவிட்டது. பிறகு 1970களில் நைல் திலாப்பியாவும் வந்து சேர்ந்தது.

இதன் பலனாக ஒரு புதிய தொழிலே பிறந்தது. கடலையே பார்க்காத ஊர்களில் மீனவர்கள் உருவானார்கள். கரையோரத்தில் இருந்து குடியேறிய சிலர், காணி இல்லாத விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், கூலிக்குப் போனவர்கள் என்று பலர் தோணியும் வலையும் எடுத்தார்கள். அரசு மானியத்தில் கண்ணாடியிழைத் தோணி கிடைத்தது. சைக்கிள் பின்னால் பெட்டி கட்டி ஊர் ஊராக விற்கும் மீன் வியாபாரிகளும் வந்தார்கள். ஐஸ் இல்லாத காலத்தில் உள்நாட்டுக் கிராமத்துக்குக் கடல் மீன் வந்துசேர்வது குதிரைக்கொம்பு. கருவாடும் நெத்தலியும்தான் கதி. அந்த இடத்தில் மலிவான பச்சை மீன் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை.

திலாப்பியாவுக்கு எதிரான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் மொசாம்பிக் திலாப்பியாவும் இருக்கிறது. பல நாடுகளில் உள்ளூர் மீனை அது ஒதுக்கித் தள்ளியிருக்கிறது. இந்தக் குளங்களோ மனிதர் கட்டிய நீர்ப்பரப்புகள், அவற்றில் பெருகும் உள்ளூர் மீன் குறைவு. அதனால்தான் இங்கே அதை ஏழைகளின் மீன் என்று கொண்டாடுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

வற்றும் குளத்தில் வளர்க்கும் வித்தை

பெரிய குளம் வற்றாது. அதில் திலாப்பியா தானே பெருகும். பிடிப்பதுதான் வேலை. அதை மீன்பிடி என்று சொல்லலாம், மீன் வளர்ப்பு என்று சொல்ல முடியாது.

மீன் வளர்ப்பு தொடங்குவது சின்னக் குளத்தில்தான். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். மார்கழி அளவில் குளம் நிறையும். காலபோகத்துக்கும், மிஞ்சினால் சிறுபோகத்துக்கும் பாய்ச்சுவார்கள். ஆடி, ஆவணி, புரட்டாதியில் அடி தெரியும். ஆக ஏழு, எட்டு மாதம் தண்ணீர் நிற்கும். நெல்லுக்கு ஒரு போகம் என்றால் மீனுக்கும் ஒரு போகம்! 1970களின் கடைசியில் இந்த யோசனை நடைமுறைக்கு வந்தது. குளம் நிறைந்ததும் விரல் நீளக் குஞ்சுகளை விடுவது, வற்றும்போது மொத்தமாக வலை இழுத்துப் பிடிப்பது. இடையில் தீனி போடும் செலவு இல்லை.

தீனி இல்லாமல் எப்படி வளரும்? இங்கேதான் கிராமத்துக் குளத்தின் அழகு இருக்கிறது. கோடையில் வற்றிய குளத்துப் படுகையில் மாடுகளும் எருமைகளும் மேயும். சாணம் அங்கேயே கிடக்கும். மழை வந்து குளம் நிறையும்போது அந்தச் சாணமும், மக்கிய புல்லும் தண்ணீரில் கரைந்து பாசியும் நுண்ணுயிரும் பெருகும். மீனுக்கு அதுதான் சாப்பாடு. அதையும் வீணாக்காமல் பங்கு போட்டுக்கொள்ளும்படி இனங்களைத் தெரிவு செய்தார்கள். கட்லா மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுவில். மிரிகாலும் சாதாரண கெண்டையும் அடியில். ஒரே குளத்தில் மூன்று மாடி!

ஆனால் இந்தக் கெண்டைகளுக்கு ஒரு குணம் உண்டு. கட்லா, ரோகு, மிரிகால் மூன்றும் கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள். ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும். குளத்துத் தண்ணீரில் எவ்வளவு கொழுத்தாலும் குஞ்சு பொரிக்காது. இந்தியாவில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி 1957இல் மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அவர் வெற்றி கண்ட ஜூலை 10ஆம் தேதியைத்தான் இந்தியா மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறது. அந்த வித்தை இலங்கைக்கும் வந்தது. உடவளவை, தம்புள்ளை போன்ற இடங்களில் அரசு மீன் இனப்பெருக்க நிலையங்கள் இயங்கின. குஞ்சுகள் அங்கிருந்துதான் ஊர்க் குளங்களுக்குப் போயின.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து ஹெக்டயர் குளம். ஹெக்டயருக்கு 2,000 குஞ்சு என்று 20,000 விடுகிறோம். கொக்கு, நீர்க்காகம், விரால் எல்லாம் தின்றது போக மூன்றில் ஒன்று தப்புகிறது என்று வைப்போம். ஒவ்வொன்றும் அரைக் கிலோ வந்தால் மூவாயிரம் கிலோவுக்கு மேல் தேறும். ஊரில் ஐம்பது குடும்பம் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு அறுபது கிலோவுக்கு மேல். இதை வைத்து யாரும் மாடி வீடு கட்ட முடியாது, உண்மைதான். ஆனால் அது வரும் நேரத்தைப் பாருங்கள். ஆடி, ஆவணியில் வயலில் வேலை இல்லை, கூலி இல்லை, வீட்டு நெல் முடியும் தறுவாயில் இருக்கும். அடுத்த காலபோகத்துக்கு விதைநெல்லும் உழவுக் கூலியும் தேட வேண்டும். நகையை அடகு வைக்கும் மாதங்கள் அவை. சரியாக அந்த நேரத்தில் குளத்தில் இருந்து பணமும் கறியும் வருகிறது. வறுமை ஒழிப்பு என்பது பல நேரம் எவ்வளவு வருகிறது என்பதை விட எப்போது வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

1990: ஒரு நாளில் நின்றுபோனது

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம்.

1980களில் நன்னீர் மீன் உற்பத்தி ஏறிக்கொண்டே வந்தது. அரசுப் புள்ளிவிபரப்படி 1989இல் ஏறக்குறைய 39,700 தொன். அதே ஆண்டு ஜனாதிபதியான ரணசிங்க பிரேமதாச ஏழைகளுக்காக ஜனசவிய என்ற பெரிய வறுமை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1990இல், அவருடைய அரசு நன்னீர் மீன்பிடிக்கும் மீன் வளர்ப்புக்கும் கொடுத்துவந்த ஆதரவை முழுவதுமாக நிறுத்தியது! உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற சமய எதிர்ப்பே இதற்குக் காரணம் என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. கடல் மீன்பிடிக்கு இந்தத் தடை வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கடல் மீனவர்கள் பெரும் எண்ணிக்கை, வாக்கு வங்கி. குளத்து மீனவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தவர்கள்.

யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் போடவில்லை. அரசு தன் கையை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கையில் என்னவெல்லாம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இனப்பெருக்க நிலையங்கள் மூடப்பட்டன அல்லது தனியாருக்குப் போயின. தனியார் அங்கே வளர்த்தது கண்ணாடித் தொட்டியில் விடும் அலங்கார மீன். ஏற்றுமதிக்கு நல்ல விலை. அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் ஊர்க் குளத்துக்கு விடக் குஞ்சு இல்லை. தோணி மானியம் நின்றது. சின்னக்கண் வலையைக் கண்காணிக்க ஆள் இல்லை. 1994இல் உற்பத்தி ஏறக்குறைய 12,000 தொன் என்று பதிவாகியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

இந்த இலக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கணக்கெடுக்கும் அதிகாரிகளும் இல்லாமல் போன காலம் அது. பிடித்த மீன் எல்லாம் ஏட்டில் ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு வகைக் குளங்களுக்கும் வந்த கதி வேறு வேறு என்பதில் சந்தேகம் இல்லை. பெரிய குளத்தில் திலாப்பியா அரசைக் கேட்டா முட்டையிடுகிறது? அது தொடர்ந்து பெருகியது. கண்காணிப்பு இல்லாததால் குஞ்சு வரைக்கும் வழித்துப் பிடிப்பது கூடியது. அங்கே தொழில் நலிந்தது, சாகவில்லை. வற்றும் சின்னக் குளத்திலோ வருடா வருடம் குஞ்சு விட்டால்தான் மீன். குஞ்சு வராத முதல் வருடமே மீன் வளர்ப்பு முடிந்தது.

என் கருத்தில் இந்த முழு வரலாற்றின் பாடமும் இங்கேதான் இருக்கிறது. மக்களுக்கு மீன் வளர்க்கத் தெரிந்திருந்தது. குளம் இருந்தது. தண்ணீர் இருந்தது. வலை இருந்தது. சாப்பிட ஆளும் இருந்தது. இல்லாமல் போனது விரல் நீளக் குஞ்சு மட்டும்! "கற்றுக்கொடுத்தால்" போதும் என்ற தத்துவம் இந்த இடத்தில் தோற்றுப்போகிறது. அந்தக் குஞ்சை ஊர் மக்கள் தாங்களே உற்பத்தி செய்யும் ஏற்பாடு அரசை நம்பாமல் நிற்கும் அளவுக்கு வளரவில்லை. அதனால்தான் தலைநகரில் ஒரு முடிவு எடுத்ததும் எங்கோ இருக்கும் குளம் வெறுமையானது.

மீண்டும் தொடக்கம்

1994இல் ஆட்சி மாறியது. நன்னீர் மீனுக்கு அரசு ஆதரவும் திரும்ப வந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நக்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை உருவாக்கப்பட்டு, 1999இல் இயங்கத் தொடங்கியது. பழைய இனப்பெருக்க நிலையங்களில் பல திரும்பவும் திறக்கப்பட்டன. முக்கியமாக, இம்முறை ஊர்ச் சங்கங்களே குஞ்சு வளர்க்கும் சிறு தொட்டிகளும் குளங்களும் ஊக்குவிக்கப்பட்டன. நிலையத்தில் இருந்து மிகச் சின்னக் குஞ்சை வாங்கி, விரல் நீளம் வரும்வரை ஊரிலேயே வளர்த்து, பிறகு குளத்தில் விடுவது. பழைய பாடத்தில் பாதியையாவது கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

நன்னீர் இறாலும் வந்தது. இது உப்புக் கலந்த தண்ணீரில்தான் குஞ்சுப் பருவத்தைக் கடக்கும் என்பதால் குளத்தில் தானாகப் பெருகாது, ஒவ்வொரு முறையும் விட வேண்டும். ஆனால் விலை மீனை விடப் பல மடங்கு. 2020களின் தொடக்கத்தில் நாட்டின் நன்னீர் மீன், நீருயிரின உற்பத்தி ஆண்டுக்கு ஒரு லட்சம் தொன் என்ற அளவைத் தொட்டது. 1994உடன் ஒப்பிட்டால் பெரிய ஏற்றம்தான்.

ஊர் ஒற்றுமையும் ஊர்ச் சண்டையும்

குஞ்சு கிடைத்துவிட்டது. இனி எல்லாம் சரியா? இல்லை. கூட்டு மீன் வளர்ப்பின் கடினமான பகுதி தண்ணீருக்கு வெளியே இருக்கிறது.

முதலாவது, குளத்தின் சொந்தக்காரர் யார்? முன்பு விதானை முறை இருந்தது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று விதானை சொன்னால் சொன்னதுதான். 1958 நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போய்ப் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. இன்று கமக்காரர் அமைப்புகள் இருக்கின்றன. சின்னக் குளத்தில் மீன் வளர்ப்பும் பெரும்பாலும் இவர்கள் கையில்தான். ஆனால் கமக்காரர் அமைப்பு என்றால் குளத்தின் கீழ் வயல் உள்ளவர்களின் அமைப்பு. ஊரிலேயே ஆக ஏழை யார்? வயல் இல்லாதவர்தான்! வறுமையைக் குறைக்க வந்த திட்டத்தில் ஆக வறியவர் வெளியே நிற்கும் ஆபத்து இங்கே இருக்கிறது. சங்கத்தில் இவர்களையும் சேர்க்காவிட்டால் இவர்கள் இரவில் வலையோடு வருவார்கள். அப்போது அதற்குக் களவு என்று பெயர் வைப்போம். நேற்று வரைக்கும் ஊர்ப் பொதுக் குளத்தில் தூண்டில் போட்ட மனிதன் இன்றைக்குக் கள்வனா? யோசிக்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது, நெல்லா மீனா? சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்தால் மீனுக்கு ஆழம் குறையும். மீனுக்காக அடைத்து வைத்தால் கதிர் கருகும். இதில் மீன் பக்கம் பேசினால் எந்த ஊரிலும் அடிதான் விழும். எனவே நெல்லுக்கு முதல் உரிமை, மிஞ்சியதில் மீன் என்று ஒத்துக்கொண்ட இடங்களில்தான் திட்டம் நிலைத்தது. துருசைத் திறந்தாலும் அடியில் கொஞ்சம் தண்ணீரை விட்டுவைப்பது என்ற உடன்பாடு வந்தால் இரண்டும் பிழைக்கும்.

மூன்றாவது, சந்தை. எல்லாக் குளமும் ஒரே மாதத்தில் வற்றும். எல்லா ஊரும் ஒரே வாரத்தில் வலை இழுக்கும். விலை விழும். ஐஸ் பெட்டியோடு வரும் வியாபாரி சொன்னதுதான் விலை. இதைச் சமாளிக்கப் பக்கத்து ஊர்கள் பேசி நாள் மாற்றிப் பிடிப்பது, வற்றுவதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து விற்பது, மிஞ்சியதைக் கருவாடாக்குவது என்று வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தேவை ஒன்றுதான், ஊர் கூடிப் பேச வேண்டும்.

2000களின் தொடக்கத்தில் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலிய உதவியோடு பல மாவட்டங்களின் சின்னக் குளங்களில் இதை ஆராய்ந்தார்கள். விளைச்சல் குளத்துக்குக் குளம் தலைகீழாக மாறியது. சிலவற்றில் ஹெக்டயருக்கு நூறு கிலோகூடத் தேறவில்லை, சிலவற்றில் ஆயிரம் கிலோவைத் தாண்டியது. குளத்தின் வளமும் குஞ்சு நேரத்துக்கு வந்ததா என்பதும் ஒரு காரணம். இன்னொரு காரணம் மனிதர்கள். சங்கம் சின்னதாக இருந்து, உறுப்பினர்கள் உறவுமுறைக்காரர்களாக இருந்து, தலைவர் துடிப்பானவராக இருந்த இடங்களில் நன்றாக நடந்தது. ஆனால் உறவுக்காரச் சங்கம் நன்றாக நடக்கிறது என்பதன் மறுபக்கம், உறவில் இல்லாதவர் எங்கே போவார் என்பது. வெற்றிக்கான காரணமே ஒதுக்கலுக்கான காரணமாகவும் மாறலாம்.

வருமானத்தைப் பிரிப்பதிலும் இதே கதைதான். ஒரு பங்கு அடுத்த வருடக் குஞ்சுக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவைத்த சங்கம்தான் அடுத்த வருடமும் இருக்கும். மிச்சத்தில் குளக்கட்டு திருத்த, கோயிலுக்கோ விகாரைக்கோ கொடுக்க, மரண உதவிச் சங்கத்துக்குப் போட என்று ஊர் தீர்மானிக்கலாம். குஞ்சுக்கான காசையும் சேர்த்துப் பங்கு போட்டுவிட்டால் அடுத்த மார்கழியில் திரும்பவும் அரசாங்கத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குளங்கள்

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், கட்டுக்கரைக்குளம்... வன்னியிலும் மன்னாரிலும் குளத்துக்குக் குறைவில்லை. ஆனால் மேலே சொன்ன வரலாற்றில் இந்தப் பெயர்கள் அதிகம் வரவில்லை. தெற்கில் திட்டம் சூடுபிடித்த 1980களில் இங்கே போர் தொடங்கிவிட்டது. 1994க்குப் பிறகு தெற்கில் குஞ்சு வரத் தொடங்கியபோதும் இங்கே போர்தான். இரண்டு தலைமுறை வளர்ச்சியை இந்தக் குளங்கள் தவறவிட்டன. 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய பிறகுதான் வடக்கின் குளங்களுக்கு மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் ஒழுங்காக வரத் தொடங்கின. நன்னீர் மீன்பிடிச் சங்கங்களும் மீண்டும் எழுந்தன.

தாமதமாக வந்ததில் ஒரு நன்மை உண்டு. மற்றவர்கள் செய்த பிழையைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. போருக்குப் பிறகு பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைய உள்ள பிரதேசம் இது. தோணியில் போய் வலை போடுவது ஆண்கள் வேலை என்று ஒதுக்கினாலும், குஞ்சு வளர்க்கும் தொட்டியைப் பார்ப்பதும், கருவாடு போடுவதும், சங்கக் கணக்கு எழுதுவதும் யாரும் செய்யக்கூடிய வேலைகள். அதைத் தொடக்கத்திலேயே சங்க விதியில் எழுதிவிட்டால் நல்லது.

முடிவாக...

2022 பொருளாதார நெருக்கடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. இயந்திரப் படகில் கடலுக்குப் போகிறவர்கள் படகைக் கரையில் இழுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். குளத்துத் தோணிக்குத் துடுப்புப் போதும். ஏழை நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய காப்பு என்று அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது. சேற்று மணம் என்று மூக்கைச் சுளித்தவர்களும் சேர்த்துத்தான்.

குளத்து மீன் வறுமையை ஒழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மூவாயிரம் கிலோ மீன் ஒரு ஊரின் தலைவிதியை மாற்றாது. ஆனால் கடன் வாங்கும் மாதத்தில் கடனைப் பாதியாக்கும். பிள்ளையின் தட்டில் ஒரு துண்டு மீன் வைக்கும். அதுவும் சும்மா கிடக்கும் தண்ணீரில் இருந்து.

அது நிலைக்க இரண்டு விஷயம் வேண்டும். குஞ்சு ஊரின் கையில் இருக்க வேண்டும், தலைநகரின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. 1990 சொன்ன பாடம் அது. சங்கத்தின் கதவு வயல் இல்லாதவனுக்கும் திறந்திருக்க வேண்டும். அந்தப் பாடத்தை இன்னும் பல ஊர்கள் படிக்கவில்லை.

இனி பரிசளிப்பு விழாவில் யாராவது அந்த மீன் பழமொழியைச் சொன்னால் ஒன்று கேளுங்கள்: "ஐயா, குளத்தில் குஞ்சு விட்டாச்சா?"